குப்பியின் மேல் ஒரு கோடு

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று லேப் திறந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் ஃப்ரீசரைத் திறந்து என் குப்பி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, உள்ளே ஆல்கஹாலில் கரைத்த செருலெனின்.

இது என்ன என்று அம்மாவுக்கு விளக்கியே நான் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் உயிரோடு பெருகக் கொழுப்பு வேண்டும். அதைத் தானே செய்துகொள்ளும். இந்த மருந்து அந்த வேலையை நிறுத்திவிடும். கொழுப்பு இல்லையேல் பெருக்கம் இல்லை, பிளாஸ்கில் இருக்கும் திரவம் கலங்காமல் தெளிவாகவே நிற்கும். "மருந்துங்கிற, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று அம்மா கேட்டாள். யாருக்கும் இல்லை. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்.

உதயகுமார் சார், என் கைடு, இன்று நேரடியாகவே சொல்லிவிட்டார். பிளாஸ்க் சோதனையை மூன்று தடவை திரும்பச் செய்து ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. தேதி தாண்டினால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. ஐந்து வருஷம் போச்சு.

மூன்று தடவைதானே. டிசம்பரில் அழகாக வந்த சோதனை.

22 ஜனவரி, புதன்

ஸ்டோரில் பஞ்சு இல்லை. பிளாஸ்க் வாயைப் பஞ்சு உருட்டி அடைத்துத்தான் ஆட்டோகிளேவில், அதாவது எங்கள் பெரிய பிரஷர் குக்கரில், வைக்க வேண்டும். கம்பெனி ரோல் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். மெடிக்கல் கடைப் பஞ்சு உதவாது, தண்ணீரைக் குடித்துவிடும்.

அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "அருப்புக்கோட்டையில பஞ்சுக் கட வச்சிருக்கவன் மக பஞ்சுக்கு லெட்டர் போட்டுக் காத்துக் கெடக்கா. கேக்கவே நல்லா இருக்கு தாயி." மெத்தைக்கு அடைக்கிற கரிசல் பருத்திப் பஞ்சு ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நனையாமல் மிதந்தது. கம்பெனிப் பஞ்சைவிட ஒசத்தி. ஆறு பிளாஸ்கையும் அடைத்துவிட்டேன். எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

29 ஜனவரி, புதன்

மருந்து போட்ட மூன்று பிளாஸ்கும் கலங்கிவிட்டன. மருந்து போடாதவை மாதிரியே. ஏன்?

3 பிப்ரவரி, திங்கள்

இரண்டாவது தடவையும் அதே கதை. மோர் மாதிரி நிற்கிறது. என் கணக்குத் தப்பா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. அப்படியானால் குப்பியில் இருப்பது மருந்துதானா?

எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த ஃப்ரீசருக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். மற்றது சத்யபிரியாவிடம். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், போன வருஷம் சேர்ந்தவள். உதவித்தொகை வாங்குகிறாள். அவள் வேலையும் ஈஸ்டில்தான், ஆனால் தட்டில் வளர்ப்பது. என் குப்பியிலிருந்துதான் மருந்து எடுத்துக்கொள்கிறாள், சார் சொல்லி. இன்று அவள் தட்டுகளைப் பார்த்தேன். கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தன. ஒரு புள்ளிகூட வளரவில்லை.

அதே குப்பி. அவள் கையில் மருந்து, என் கையில் தண்ணீரா?

5 பிப்ரவரி, புதன்

நான் கடைக்காரர் மகள். தராசு முள்ளைப் பார்த்து வளர்ந்தவள். யாரையும் கேட்கவில்லை, குப்பியில் திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போட்டேன். தேடினால்தான் தெரியும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

மட்டம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அவள் இந்த வாரம் எடுத்ததாக நோட்டில் எழுதவில்லை. நானும் எடுக்கவில்லை. குப்பியைத் திறந்து திறந்து பார்த்ததோடு சரி.

மயிரிழைதான். ஆனால் கீழே.

13 பிப்ரவரி, வியாழன்

நான் எப்போது வந்தாலும் அவள் முன்னாலேயே வந்திருக்கிறாள். எட்டேகால் மணிக்கெல்லாம் லேப் விளக்கு எரிகிறது. கேட்டேன். "எங்க ஊரு பஸ்ஸு அப்பத்தான்க்கா. அத விட்டா பத்தரைக்குத்தான்." பதில் சரியாகத்தான் இருக்கிறது. ரொம்பச் சரியாக இருக்கிறது.

அவளுக்கு நீல மூடி போட்ட திருகு பாட்டில்கள் இருக்கின்றன, உதவித்தொகைப் பணத்தில் வாங்கியவை. பஞ்சு உருட்டுகிற வேலையே அவளுக்கு இல்லை. "ஒங்களுக்கும் ரெண்டு தாரேன்க்கா" என்றாள். வேண்டாம் என்றேன். எதற்கு இந்தத் தாராளம்?

20 பிப்ரவரி, வியாழன்

இன்று பார்த்தது. மாலை நான்கரைக்கு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ஐஸ் மெஷினிலிருந்து ஐஸ் அள்ளித் தன் பையிலிருந்த சின்னத் தெர்மாஸில் போட்டாள். என்னைப் பார்த்ததும் மூடியை வேகமாகத் திருகினாள். சின்ன விஷயத்துக்கு யாராவது அவ்வளவு அவசரப்படுவார்களா? குளிரிலேயே வைக்க வேண்டிய பொருள் இந்த லேப்பில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

யாருக்குக் கொடுக்கிறாள்? மதுரையில் வேறு லேப்புக்கா? அவள் விற்பாளா? அந்த முகத்தைப் பார்த்தால் தோன்றவில்லை. முகத்தைப் பார்த்து ஏமாந்த கதையை அப்பா வாரத்துக்கு ஒன்று சொல்வார்.

24 பிப்ரவரி, திங்கள்

மூன்றாவது தடவையும் கலங்கிவிட்டது. அறுபத்தைந்து நாள்தான் இருக்கிறது.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். கோடு, மட்டம், காலை நேரம், தெர்மாஸ், எல்லாம். கடைசி வரி: 'என் ஆய்வுப் பொருளை சத்யபிரியாதான் எடுக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்கிறது.' சார் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறுதியாத் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் சார் என்றேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

சார் அவளைக் கூப்பிட்டு நான் எழுதியதை வாசித்துக் காட்டியிருக்கிறார். தெர்மாஸில் ஐஸ் கொண்டுபோனது அம்மாவின் இன்சுலினைக் குளிரில் வைக்க என்று சொன்னாளாம். சொல்லத்தானே செய்வாள்.

மதியம் என் மேசைக்கு வந்தாள். சாவியை வைத்தாள். வைக்கும்போது சத்தமே வரவில்லை.

"நான் ஒண்ணும் எடுக்கலக்கா. ஆனா இப்பச் சொன்னா யாரு கேப்பா. எழுத்துல இருக்குல்ல."

சாவியை எடுத்து டிராயரில் போட்டேன். விசாரணை முடியும்வரை அவள் லேப்புக்கு வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். உதவித்தொகைக் கையெழுத்தும் அதுவரை நிறுத்தம்.

தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

26 பிப்ரவரி

நான் செய்தது சரி. யார் கேட்டாலும் சரி.

10 மார்ச், திங்கள்

மதுரை ஏஜென்ட் புதுக் குப்பி அனுப்பிவிட்டார். சீலை நானே உடைத்தேன், நானே கரைத்தேன், கோடு போட்டேன். இரண்டு சாவியும் என் கழுத்துச் சங்கிலியில். அம்மா பார்த்துவிட்டு, "தாலி ஏற வேண்டிய எடத்துல சாவியத் தொங்கவிட்டுட்டுத் திரியிறா" என்கிறாள். திரியட்டும். பழைய பையிலேயே பஞ்சு இன்னும் நிறைய இருந்தது, ஆறு பிளாஸ்கையும் அடைத்து வைத்துவிட்டேன். இனி யார் கை படும்? என் கை மட்டும்தான்.

17 மார்ச், திங்கள்

கலங்கிவிட்டது.

மட்டமும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. சாவி ரெண்டும் எங்கிட்டதான இருக்கு. குளிக்கும்போதுகூடக் கழட்டலையே. அப்ப யாரு எடுத்தா? நானா?

18 மார்ச், செவ்வாய்

ஏஜென்டோடு போனில் அரை மணி நேரம் சண்டை. போலி மருந்து கொடுத்துவிட்டீர்கள் என்றேன். "மேடம், இதே பேட்ச் நாலு காலேஜுக்குப் போயிருக்கு, ஒருத்தரும் பேசல" என்றார். பேசாதவர்கள் எல்லாம் சோதித்துப் பார்த்தவர்களா?

பிறகு ஈஸ்டைச் சந்தேகப்பட்டேன். மருந்தைத் தாங்கப் பழகிவிட்டதோ என்று. புது ஈஸ்ட் எடுத்தேன். பிறகு தண்ணீரை. பிறகு தராசை. இன்று காலை டீ கொண்டுவந்த அக்காவைக்கூட ஒரு மாதிரிப் பார்த்தேன். அந்த அக்கா டம்ளரை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டது.

மட்டம் இறங்கியதற்கு மட்டும் விடை கிடைத்தது, அதுவும் வெட்கக்கேடான விடை. ஆல்கஹால். மூடியைத் திறந்தால் பறக்கும். கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும் இது.

அப்படியென்றால் பிப்ரவரியில்?

வேண்டாம். ஆல்கஹால் மட்டும்தான் விளங்கியிருக்கிறது. கலங்கியதற்குக் காரணம் இன்னும் இருக்கிறது.

26 மார்ச், புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏஜென்ட் மேல் புகார் எழுதத் தேதிகள் வேண்டும் என்று இந்த நாட்குறிப்பை லேப்பிலேயே விரித்து வைத்திருந்தேன். ஆட்டோகிளேவிலிருந்து பிளாஸ்குகளை எடுத்தபோது ஒன்றின் பஞ்சு கழன்று கையோடு வந்தது. சூடு தாங்காமல், பார்க்காமல், விரித்திருந்த பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பிப்ரவரி 25-ஆம் தேதிப் பக்கம்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் காகிதத்தில் ஒரு கறை. தண்ணீர்க் கறை என்றால் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். கறை இருந்த இடத்தில் மட்டும் பின்பக்க எழுத்து தெரிந்தது, இடவலம் மாறி. 'சத்யபிரியாதான்'.

ஆறாம் வகுப்பில் வடையைக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்துச் செய்கிற சோதனை. காகிதத்தில் வெளிச்சம் ஊடுருவினால் அதில் எண்ணெய் இருக்கிறது.

பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாய்ப் பொடிப்பொடியாய் நொறுங்கிய பருத்தி விதை. மில்லில் அரைபட்டது. ஒரு பொடியை நகத்தால் நசுக்கினேன், பளபளவென்று எண்ணெய்.

28 மார்ச், வெள்ளி

அவள் விட்டுப் போன நீல மூடி பாட்டில் மூன்று. பஞ்சு அடைத்த பிளாஸ்க் மூன்று. ஒரே ஈஸ்ட், ஒரே குப்பி, ஒரே நாள். அவள் பாட்டிலைத் தொட எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. ஆனால் வேறு பாட்டில் இல்லை.

31 மார்ச், திங்கள்

பஞ்சு: கலங்கல். நீல மூடி: தெளிவு. மூன்றும், மூன்றும்.

மருந்து நல்ல மருந்து. ஈஸ்ட் தானாகக் கொழுப்பு செய்வதை அது ஒழுங்காக நிறுத்திவிட்டது. நான்தான் வெளியிலிருந்து எண்ணெய் ஊட்டியிருக்கிறேன். பஞ்சை ஆவியில் வேக வைத்தால் விதையின் எண்ணெய் உருகிப் பிளாஸ்க் உள்சுவரில் இறங்குகிறது. துளிதான். ஈஸ்டுக்கு அது போதும். வீட்டில் சமைக்கவிடாமல் அடுப்பைப் பூட்டிவிட்டு, வாசல் வழியே சோற்றை நீட்டியிருக்கிறேன்.

கம்பெனி ரோலில் விதை இல்லை, அதனால் டிசம்பரில் நன்றாக வந்தது. அவளிடம் பஞ்சே இல்லை, அதனால் அவளுக்கு எப்போதும் நன்றாக வந்தது.

ஜனவரி 22-ஐத் திரும்பப் படித்தேன். 'நனையாமல் மிதந்தது. கம்பெனிப் பஞ்சைவிட ஒசத்தி.' ஏன் மிதந்தது என்று ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். இந்த இரண்டு மாதத்தில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் எங்கள் கடையிலிருந்து வந்தது.

1 ஏப்ரல், செவ்வாய்

சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். சந்தோஷப்பட்டார். "இதையே ஒரு பத்தியா எழுதிடலாம்மா, ரொம்ப நல்ல கவனிப்பு" என்றார். சத்யபிரியா, சார்? என்றேன். "வரச் சொல்லிடறேன். ஏதோ தவறான புரிதல்னு முடிச்சிடலாம். நீ அதைக் கிளறாதே."

தவறான புரிதல். எவ்வளவு சௌகரியமான வார்த்தை. இன்று பகல் முழுக்க அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

5 ஏப்ரல், சனி

திருச்சுழி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவள் வீட்டில் இல்லை, பருத்திக் காட்டில், அதாவது வயலில், இருக்கிறாள் என்றார்கள். வெயில் சுட்டது. அம்மாவும் மகளும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்யா சேலைத்துணியை இடுப்பில் மடியாகக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

அவள் அம்மா பெத்தம்மாள்தான் முதலில் பேசினார். "வாங்க தாயி. நீங்கதான அந்த அக்கா? ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவா. பாடமெல்லாம் பொறுமையாச் சொல்லிக் குடுப்பாகன்னு." காலேஜ் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஐந்தரை வாரம். நானும் லீவுதான் என்பதுபோல் தலையாட்டினேன்.

மோர் கொடுக்க வீட்டுக்குக் கூட்டிப் போனார். மூலையில் ஈர மணல் நிரப்பிய மண்பானை, அதன் மேல் ஈரத்துணி. "ஊசி மருந்து அதுலதான் கெடக்கு. முன்ன காலேஜுல இருந்து ஐஸு கொண்டாருவா, இப்ப லீவுல்ல" என்றார். அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு மோரைக் குடித்தேன்.

திரும்பிக் காட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். பஞ்சு, விதை, எண்ணெய், ஆல்கஹால். நடுவில் நிறுத்தாமல் சொன்னேன். அவள் ஒரு காயிலிருந்து பஞ்சை இழுத்து, விதையை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"எங்க பருத்தியும் அதுல கெடந்திருக்கும். ஒங்க அப்பா கடைக்குத்தான போடுறோம்."

சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"இங்க வந்து சொன்னா காடுதான் கேக்கும். எழுதிக் குடுத்துத்தான என்னைய வெளிய அனுப்புனீக. அதே மாதிரி எழுதிக் குடுங்க. அன்னைக்கு எந்த ரூம்புல படிச்சாகளோ அதே ரூம்புல படிக்கணும். நான் நிக்கும்போது."

சார் இதைக் கிளற வேண்டாம் என்கிறார் என்று என் வாய் சொல்லப் போனது. கடவுளே, அதையும் சொல்லப் போனேன். சொல்லவில்லை.

7 ஏப்ரல், திங்கள்

எழுதினேன். ஒரு பக்கம். முதல் வரி: 'பிப்ரவரி 24 அன்று நான் கொடுத்த புகார் பொய். தவறு முழுவதும் என்னுடையது.' சார், "பொய்னு போட வேண்டாமே, அந்தப் புகார்ல என் கையெழுத்தும் இருக்கு. உன் சுருக்கம் போற நேரத்துல இது எதுக்கு?" என்றார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் சுருக்கம் போகாது. இரண்டு பேருக்கும் தெரியும். வரியை மாற்றவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

சார் அதை எடுத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

11 ஏப்ரல், வெள்ளி

சாரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கோயிலில் பங்குனிப் பொங்கல் கூட்டம், ஊரே தெருவில். நான் கடையில் உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்குத் திரி பொட்டலம் கட்டிக்கொடுத்தேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் குடுத்த பஞ்சுனால அந்தப் பிள்ள சோத்துல மண்ணா?" என்றார். பஞ்சு ஒன்றும் செய்யவில்லை அப்பா என்றேன். உண்மையும் அதுதான்.

21 ஏப்ரல், திங்கள்

அதே அறையில் இன்று என் கடிதம் வாசிக்கப்பட்டது. சார் வாசிக்கவில்லை, என்னையே வாசிக்கச் சொன்னார். சத்யபிரியா கதவோரம் நின்றாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்து, வாசித்து முடித்தேன். உதவித்தொகைத் தாளில் சார் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அவளுடைய சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

மேடம்.

30 ஏப்ரல், புதன்

சுருக்கம் கொடுத்தாகிவிட்டது. கடைசி நாள், மதியம் மூன்று மணி. சார் கையெழுத்தைக் காலைவரை இழுத்தடித்துத்தான் போட்டார். மூன்று தடவையும் நீல மூடி பாட்டிலில்தான் செய்தேன். பாட்டில்களை அவளே கொடுத்தாள். கேட்டபோது தலையை மட்டும் அசைத்தாள். அம்மா வீட்டில் கேசரி கிண்டினாள்.

மாலை குப்பியை உள்ளே வைக்க ஃப்ரீசரைத் திறந்தேன். சத்யபிரியா இப்போது உதவித்தொகையில் தனக்கென்று ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறாள். என் குப்பிக்குப் பக்கத்தில் அல்ல, கீழ்த்தட்டில், கோடியில். என்னுடையதை வைக்கும்போது அது கையில் பட்டுச் சாய்ந்தது. நிமிர்த்தினேன். திரவம் நிற்கும் மட்டத்தில், மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு.

தேடினால்தான் தெரியும். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவை மூடினேன்.